வீட்டு சர்வரும் எஜமானற்ற வாழ்வும்

ஒரு குடும்பத்தின் கோப்புகள், படங்கள், பாஸ்வேர்டுகள், நாட்காட்டி ஆகியவற்றை அந்தக் குடும்பத்தின் கூரைக்கு அடியிலேயே வைத்திருந்து, வீட்டிலுள்ள போன்களுக்கும் கணினிகளுக்கும் கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் கணினியே வீட்டு சர்வர். அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பழைய லேப்டாப், அலுவலகம் கழித்துப்போட்ட சிறிய டெஸ்க்டாப், 2012இல் சந்தைக்கு வந்த ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவு பலகை என எதுவும் போதும். 10 வாட் இழுக்கும் ஒரு பெட்டி ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினாலும் சுமார் 88 யூனிட் மின்சாரம்தான் ஆகும். அதில் டெபியன் போன்ற ஒரு லினக்ஸ் இயங்குதளம் இருக்கும். அதற்கு மேல் கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், படங்களுக்கு இம்மிச், சினிமாவுக்கும் பாட்டுக்கும் ஜெல்லிஃபின், பாஸ்வேர்டுகளுக்கு வால்ட்வார்டன் எனத் திறமூல மென்பொருள்கள் ஓடும்.

இந்த வேலைகள் அத்தனையையும் பெரிய நிறுவனங்கள் இலவசமாகவோ சொற்ப மாதக் கட்டணத்துக்கோ செய்து தருகின்றன. அவர்களுடைய தரவு மையங்களில் ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று உடனே பொறுப்பேற்கிறது. பாதுகாப்புக்கென்றே ஆட்கள் இரவும் பகலும் விழித்திருக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அந்த நிறுவனங்கள் யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுப்பதில்லை. வசதியையும் செலவையும் மட்டும் எடைபோட்டால் வீட்டு சர்வரின் தட்டு மேலேதான் நிற்கும். அதன் நியாயம் வேறொரு கேள்வியில் இருக்கிறது. கணினி பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த கேள்வி அது: நல்ல எஜமானிடம் இருக்கும் அடிமை சுதந்திரமானவனா?

தலையீடும் ஆதிக்கமும்

தத்துவவாதி ஐசையா பெர்லின் 1958இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் சுதந்திரத்தை இரண்டாக வகுத்தார். ஒருவர் செய்ய விரும்புவதில் பிறர் குறுக்கிடாமல் இருப்பது ஒன்று. ஒருவர் தன்னைத் தானே ஆள்வது மற்றொன்று. முதல் வகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், நிறுவனத்தின் கிளவுடில் படங்களை வைத்திருப்பவர் முழுச் சுதந்திரத்தோடு இருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். அவர் படம் ஏற்றுவதையும் இறக்குவதையும் யாரும் தடுக்கவில்லை.

இந்த அளவுகோல் போதாது என்று வாதிட்டவர்களில் முக்கியமானவர்கள் வரலாற்றாசிரியர் குவென்டின் ஸ்கின்னரும் தத்துவவாதி ஃபிலிப் பெட்டிட்டும். அவர்கள் பழைய ரோமானியச் சிந்தனைக்குத் திரும்பினார்கள். ரோமானியச் சட்டம் ஆட்களை இரண்டாகப் பிரித்தது: தன் அதிகாரத்தில் தானே இருப்பவர், பிறர் அதிகாரத்தில் இருப்பவர். அடிபடுகிறாரா, அன்பாக நடத்தப்படுகிறாரா என்பதெல்லாம் இந்தப் பிரிவினையில் கணக்கே இல்லை. ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் ‘மோஸ்டெல்லாரியா’ நாடகத்தில் வரும் டிரானியோ என்ற அடிமையின் எஜமான் வெளிநாடு போயிருக்கிறார். டிரானியோ தன் இஷ்டம்போல் ஆட்டம் போடுகிறான்; கேட்பார் இல்லை. ஆனாலும் அவன் அடிமைதான், ஏனென்றால் எஜமான் எந்த நாளும் திரும்பி வரலாம். பெட்டிட் 1997இல் வெளியிட்ட ‘ரிபப்ளிகனிசம்’ நூல் இதை ஒரு முழுக் கோட்பாடாக வளர்த்தது. பிறர் குறுக்கிடுகிறாரா என்பதைவிட, கேள்விமுறையின்றிக் குறுக்கிடும் ஆற்றல் அவரிடம் இருக்கிறதா என்பதே சுதந்திரத்தின் உரைகல் என்று அது சொல்கிறது. அந்த ஆற்றல் உறங்கிக் கிடந்தாலும், அதற்குக் கீழே வாழ்பவர் எஜமானின் முகம் பார்த்தே நடக்கப் பழகிவிடுகிறார்.

2009 ஜூலையில் நடந்த ஒன்று இதைக் கண்ணுக்கு முன் நிறுத்தியது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் ஒரு மின்பதிப்பை அமேசானில் பணம் கொடுத்து வாங்கி, கிண்டில் கருவியில் வைத்திருந்தவர்கள் ஒரு நாள் பார்த்தபோது புத்தகத்தைக் காணோம். அதை விற்பனைக்கு வைத்த பதிப்பாளருக்கு அமெரிக்காவில் வெளியிடும் உரிமை இல்லை என்று தெரியவந்ததும், அமேசான் தன் இடத்திலிருந்தபடியே வாசகர்களின் கருவிகளிலிருந்து அதை அழித்திருந்தது. பணம் திரும்பக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் அந்த மாதமே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னிப்புக் கேட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புத்தகம் வாங்கியவருக்கு அன்று புலப்பட்டது வேறு: படுக்கையருகே இருந்த கருவிக்குள் இன்னொருவர் கை எப்போதும் இருந்திருக்கிறது, அன்றுதான் அது அசைந்தது. எஜமான் நல்லவராக இருப்பதும் ஆதிக்கம் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு.

உரிமமும் இயந்திரமும்

மென்பொருள் உலகம் இந்தக் கேள்வியை முதலில் நிரலின் பக்கமிருந்து அணுகியது. எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். நிரலை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், படித்துப் பார்த்து மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றிய வடிவத்தையும் பகிரலாம் என்ற நான்கு உரிமைகள் அதிலிருந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் அடித்தளம் ஆயின. 1989இல் வெளியான ஜி.பி.எல். உரிமம் அவற்றுக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது: மாற்றிய மென்பொருளைப் பிறருக்குக் கொடுப்பவர் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இணையம் வளர்ந்ததும் இதில் ஒரு விடுபாடு வெளிப்பட்டது. மென்பொருள் பயனரின் கணினிக்கே வராமல் நிறுவனத்தின் சர்வரிலேயே ஓடினால், யாருக்கும் எதுவும் ‘கொடுக்கப்படுவதில்லை’. ஆகவே கட்டற்ற மென்பொருளை எடுத்து மாற்றி, கோடிக்கணக்கானோருக்குச் சேவை நடத்திக்கொண்டே மூலநிரலைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். 2007 நவம்பரில் வந்த ஏ.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு இந்த வழியை அடைத்தது. மாற்றிய மென்பொருளை வலைவழியே பயன்படுத்துவோருக்கும் மூலநிரலைத் தர வேண்டும் என்றது. நெக்ஸ்ட்கிளவுடும் இம்மிச்சும் இந்த உரிமத்தின் கீழ்தான் வெளியாகின்றன.

ஆனால் 2010இல் ஸ்டால்மன் எழுதிய கட்டுரை ஒன்று உரிமத்தின் எல்லையையும் சுட்டியது. மூலநிரல் கைக்குக் கிடைத்தாலும், பிறருடைய சர்வரில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருப்பது அதே நிரல்தான் என்பதற்குப் பயனரிடம் உறுதி இல்லை. அதை மாற்றும் வழியும் இல்லை. தனக்காகச் செய்யப்படும் கணிப்பு தன் இயந்திரத்தில் நடக்கும்போதுதான் அந்த நான்கு உரிமைகளும் உயிர் பெறும். அதே ஆண்டு பிப்ரவரியில் சட்டப் பேராசிரியர் எபன் மோக்லன் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேசியபோது இதையே நடைமுறைத் திட்டமாக முன்வைத்தார்: சுவர் பிளக்கில் செருகும் அளவுக்குச் சிறிய, விலை குறைந்த சர்வர் வீட்டுக்கு வீடு இருக்க வேண்டும். ஃப்ரீடம்பாக்ஸ் திட்டம் அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது. நிரலின் சுதந்திரம் தொடங்கி வைத்ததை நிறைவு செய்யும் அடியாகவே வீட்டு சர்வரை இந்த மரபு பார்க்கிறது.

எவரையும் சாராமல் இருக்க முடியுமா?

இந்த வாதத்துக்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது ஸ்டோயிக் மரபிலிருந்து வருகிறது. ரோமில் அடிமையாக இருந்து பின்பு ஆசிரியரான எபிக்டீடஸ், நம் கையில் இருப்பவை, இல்லாதவை என்ற பிரிவினையைத் தன் போதனையின் முதற்படியாக வைத்தார். நம் எண்ணமும் முடிவும் நம் கையில் இருக்கின்றன; உடைமையும் பதவியும் அப்படியல்ல. சுதந்திரம் மனத்தில் இருக்கிறது என்றால், படங்கள் எந்த ஊர் டிஸ்க்கில் இருந்தால் என்ன? இந்தக் கேள்வியை எளிதில் தள்ள முடியாது. வீட்டு சர்வர் வைத்திருப்பவரும் டிஸ்க் பழுதானால் நிலைகுலைந்து போவார் என்றால், அவர் ஒரு தளையை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொண்டவரே. எனினும் எபிக்டீடஸின் போதனை, கைக்கு எட்டாததைப் பற்றிக் கலங்காதே என்கிறது. கைக்கு எட்டுவதையும் பிறரிடம் கொடுத்துவிடு என்று அது சொல்லவில்லை. தன் கடிதங்களையும் குழந்தையின் படங்களையும் தானே காக்க வழியிருக்கும்போது, அதற்கு முயல்வது ஸ்டோயிக் நெறிக்கு மாறானதாகாது.

இரண்டாவது மறுப்பு பௌத்தத்திலிருந்து வருகிறது. எதுவும் தன்னந்தனியாக நிற்பதில்லை, ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சார்ந்தே தோன்றுகிறது என்பது அதன் மையக் கருத்து. மணிமேகலையின் இறுதிக் காதை இதைப் பன்னிரண்டு சார்புகளாக விரித்துரைக்கிறது. இந்தக் கண்ணால் பார்த்தால், ‘தன் சொந்த’ சர்வர் என்ற பேச்சே தடுமாறும். ஐபி முகவரிகளின் பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. அவை தீர்ந்துபோனதால் பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டின் சர்வரை வெளியிலிருந்து நேரடியாக எட்ட முடியாது. டொமைன் பெயர் ஆண்டுக் கட்டணத்துக்குக் கிடைப்பது. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகும் முன் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடும் நிரலில் ஒரு வரியைக்கூட அந்த வீட்டார் எழுதியிருக்கமாட்டார்கள்.

அந்தக் கடைசிச் சார்பு எவ்வளவு ஆழமானது என்பதை 2024 மார்ச் மாதம் காட்டியது. மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தன் சோதனைக் கணினியில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். வழியாக நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அந்த அரை நொடியை அவர் விடவில்லை. தேடிப் போனபோது, கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளின் புதிய பதிப்புகளில் யாரோ கள்ள வாசல் வைத்திருப்பது தெரிந்தது. பல ஆண்டுகளாகத் தனியாளாக அதைப் பராமரித்துக் களைத்திருந்தவருக்கு உதவுவதாக வந்து, பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பாளர் பொறுப்பையும் பெற்றவர் செய்த வேலை அது. பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேரும் முன்பே உலகம் தப்பித்தது.

ஆகவே சார்பு இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. எந்த வகைச் சார்பு என்று கேட்க வேண்டும். அதில் மூன்று வகை உண்டு. டிஸ்க் தேய்வதும் மின்சாரம் போவதும் இயற்கையைச் சார்ந்தவை; அவற்றுக்குப் பின்னால் யாருடைய விருப்பமும் இல்லை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற பேக்கப் விதி அவற்றுக்கு விடை. திறமூல மென்பொருளை எழுதுவோரைச் சார்ந்திருப்பது தோழமைச் சார்பு. அவர்களும் தவறலாம், ஏமாற்றலாம். ஆனால் அவர்கள் செய்வது வெளிச்சத்தில் நடக்கிறது, எவரும் பிரித்துப் பார்க்கலாம், விலகியும் போகலாம். எம்பி என்ற மென்பொருள் 2018 டிசம்பரில் தன் மூலநிரலை மூடியபோது, கடைசித் திறந்த பதிப்பை எடுத்துக்கொண்டு அதன் பயனர்கள் தொடங்கியதே ஜெல்லிஃபின். மூன்றாவது, எஜமானைச் சார்ந்திருப்பது: முடிவு ஒரு பக்கம் மட்டும் எடுக்கப்படும், காரணம் சொல்லப்படாது, விலகினால் எல்லாம் போகும். வீட்டு சர்வர் மனிதரைச் சார்பிலிருந்து விடுவிப்பதில்லை. மூன்றாம் வகைச் சார்பை முதல் இரண்டு வகைகளாக மாற்றித் தருகிறது. பௌத்தப் பார்வையோடு இதற்குப் பகையில்லை.

வீட்டுக்குள் வந்த எஜமான்

இத்தோடு நின்றுவிட்டால் வாதம் பாதிதான். ரோமானியச் சட்டம் தன் அதிகாரத்தில் தானே இருப்பவர் என்று போற்றிய குடும்பத் தலைவர், அதே சட்டத்தின் துணையோடு பிள்ளைகளையும் அடிமைகளையும், பழைய வகைத் திருமணத்தில் மனைவியையும், தன் அதிகாரத்துக்குக் கீழ் வைத்திருந்தார். வெளியே யாருக்கும் தலைவணங்காத சுதந்திரம் வீட்டுக்குள் எஜமானாக மாறியது. வீட்டு சர்வரிலும் இதே ஆபத்து இருக்கிறது. சர்வரில் எதையும் பார்க்கவும் மாற்றவும் வழிதரும் ரூட் பாஸ்வேர்டு பெரும்பாலும் வீட்டில் ஒருவருக்குத்தான், அதாவது அட்மினுக்குத்தான், தெரியும்.

விளம்பரங்களைத் தடுக்கப் பல வீடுகளில் நிறுவப்படும் பை-ஹோல் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். ரவுட்டரில் அதன் முகவரியைக் கொடுத்ததும், வீட்டிலுள்ள எந்தக் கருவி எந்தத் தளத்தைத் தேடினாலும் அந்தக் கேள்வி முதலில் அதனிடம் வரும். அதன் பதிவேட்டில் நேரம், கருவி, தளத்தின் பெயர் மூன்றும் வரிசையாக விழும். நள்ளிரவு தாண்டி மகளின் போன் ஒரு மனநல ஆலோசனைத் தளத்தைத் தேடியது, மனைவியின் போன் ஒரு வழக்கறிஞரின் தளத்தைத் தேடியது என்பதெல்லாம் அட்மினின் திரையில் இருக்கும். நெக்ஸ்ட்கிளவுடிலும் வழக்கமான அமைப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் அவரவர் கோப்புகள் அப்படியே கிடக்கும். சர்வருக்குள் நுழையத் தெரிந்தவர் திறந்து பார்க்கலாம். தொலைவிலுள்ள நிறுவனத்துக்கு அந்த மகள் கோடிப் பேரில் ஒருத்தி. வீட்டு அட்மினோ அவள் முகமும் பெயரும் அறிந்தவர். அவளைத் தடுக்கவும் தண்டிக்கவும் கூடியவர். கேள்விமுறையற்ற ஆற்றலே ஆதிக்கம் என்ற அளவுகோலை நிறுவனத்துக்கு வைத்தவர், அதைத் தன் வீட்டுக்கும் வைத்தாக வேண்டும். அப்பா நல்லவர், கணவர் பார்க்கமாட்டார் என்ற பதில், எஜமான் நல்லவர் என்ற அதே பழைய பதில்தான்.

இதற்குத் தொழில்நுட்பம் ஓரளவு உதவும். வால்ட்வார்டனில் பாஸ்வேர்டுகள் பயனரின் கருவியிலேயே மறையாக்கம் செய்யப்பட்டு, பூட்டிய நிலையில்தான் சர்வருக்கு வருகின்றன. பிரதான பாஸ்வேர்டு தெரியாத அட்மினுக்கு அவை பொருளற்ற எழுத்துக் குவியல். பை-ஹோலிலும் தளப் பெயர்களையும் கருவிகளையும் பதிவேட்டில் மறைக்கும் அமைப்பு உண்டு. முதல் நாளே அதை இயக்கி வைப்பது நல்ல அட்மினுக்கு அடையாளம். ஆனால் ரூட் உரிமை உள்ளவர் எந்த அமைப்பையும் மீண்டும் மாற்ற முடியும். மீதியை அறம்தான் தாங்க வேண்டும்.

தர்மகர்த்தாவின் கடமைகள்

அந்த அறத்துக்குப் பொருத்தமான வடிவத்தைக் காந்தி தந்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் கீதையைப் பயின்ற நாட்களில் உடைமை துறத்தல் என்ற கருத்து தன்னைப் பிடித்துக்கொண்டதாகவும், அதை எப்படி வாழ்வது என்று குழம்பியபோது ஆங்கிலச் சட்டத்தில் படித்த அறங்காவலர் என்ற கருத்து கைகொடுத்ததாகவும் அவர் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கையில் கோடி இருந்தாலும் அதில் ஒரு காசும் தனதல்ல என்று நடப்பவரே தர்மகர்த்தா. பிற்காலத்தில் இது அவருடைய பொருளாதாரக் கோட்பாடாகவே வளர்ந்தது. வீட்டு சர்வரின் தத்துவத்தில் உரிமையாளர் என்ற இடத்துக்குத் தர்மகர்த்தா வர வேண்டும். டிஸ்க் வாங்கியவர் ஒருவராக இருக்கலாம். அதிலுள்ள வாழ்க்கை பலருடையது.

இந்த நிலையிலிருந்து நான்கு கடமைகள் பிறக்கின்றன. சர்வரில் என்ன ஓடுகிறது, எது பதிவாகிறது என்பதை வீட்டார் எல்லோரும் அறியச் சொல்வது முதலாவது. பார்க்க முடிந்தும் பார்க்காதிருப்பது இரண்டாவது. கோயில் நகைப் பெட்டியின் சாவி வைத்திருப்பவருக்கு நகை அணியும் உரிமை வந்துவிடாது. விலக விரும்புவோரைத் தடையின்றி விடுவது மூன்றாவது. படங்கள் சாதாரணப் படக் கோப்புகளாகவும், நாட்காட்டியும் தொடர்புகளும் எல்லா மென்பொருளும் படிக்கும் பொது வடிவிலும் இருந்தால், அவரவர் பங்கை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போக முடியும்; அதை வாங்க யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தனக்குப் பின் என்ன என்பதற்கு வழிசெய்வது நான்காவது. முழு டிஸ்க்கும் மறையாக்கம் செய்யப்பட்டு, அதன் கடவுத்தொடர் ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால், அவருடைய மரணத்தோடு குடும்பத்தின் இருபது ஆண்டுப் படங்களும் போய்விடும். கணக்கு உரிமையாளர் செயல்படாமல் போனால் தரவை யாரிடம் சேர்ப்பது என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியைக் கூகுள் 2013லேயே தந்துவிட்டது. வீட்டு சர்வர் அதைவிடக் குறைந்த பொறுப்போடு நடத்தப்பட்டால், அதன் சுதந்திரம் ஒருவருடைய ஆயுளுக்கு மட்டுமே ஆனது. கடவுத்தொடரையும் மீட்கும் முறையையும் புரியும்படி காகிதத்தில் எழுதி உறையிலிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுப்பது எளிய வேலை. ஆனால் அதுவே தர்மகர்த்தாவின் முதிர்ந்த செயல்.

சேர்த்துவைக்கும் ஆசைக்கும் இங்கே ஓர் எல்லை வேண்டும். இடம் இருக்கிறது என்பதாலேயே எல்லாவற்றையும் குவிப்பது வீட்டு சர்வர்களில் அடிக்கடி காணப்படும் பழக்கம். இல்லறத்தாருக்குச் சமணம் வகுத்த ஐந்து அணுவிரதங்களில் கடைசியானது, உடைமைக்குத் தானே ஓர் அளவு வைத்துக்கொள்வது. துறவிக்குச் சொன்ன முழுத் துறப்பு அல்ல இது; பொருளோடு வாழ்பவருக்கான வரம்பு. எதைக் காக்க வேண்டும் என்று தேர்ந்தவரால்தான் அதை ஒழுங்காக பேக்கப் எடுத்து, சரிபார்த்து, அடுத்தவரிடம் ஒப்படைக்க முடியும்.

எல்லோருக்குமான சுதந்திரமா?

கமாண்டு அடிக்கத் தெரிந்தவருக்கும் ஓய்வு நேரம் உள்ளவருக்கும் மட்டும் கிடைக்கும் சுதந்திரம் ஒரு சலுகையாகவே எஞ்சும். வாரம் ஆறு நாள் உழைக்கும் ஒருவரிடம், சர்வரை அப்டேட் செய்யாததால்தான் நீ அடிமை என்று சொல்வது கொடுமை. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று கூட்டுறவு. ஃபிரான்ஸில் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு 2016இல் தொடங்கிய ஷடோன் கூட்டமைப்பில், சிறிய சங்கங்களும் குழுக்களும் தங்கள் வட்டாரத்தாருக்காகக் கட்டற்ற மென்பொருள் கொண்டு சர்வர் நடத்துகின்றன. வெளிப்படைத்தன்மை அவற்றின் சாசனத்தில் நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு ஒரு சர்வர் என்பது தெருவுக்கு ஒன்று என்றாகும்போது, திறமை இல்லாதவரும் கேள்வி கேட்கக்கூடிய தூரத்தில் தன் தர்மகர்த்தாவை வைத்துக்கொள்ள முடிகிறது.

மற்றது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 20ஆம் பிரிவு, ஒருவர் தன் தரவைக் கணினி படிக்கும் வடிவில் பெற்று வேறிடம் கொண்டுபோகும் உரிமையைத் தருகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் தரவைத் திருத்தவும் அழிக்கவும் உரிமை தருகிறது. எடுத்துச் செல்லும் உரிமை அதில் இல்லை. அது சேர்க்கப்பட வேண்டும். எஜமானின் கையைச் சட்டம் கட்டுமானால், சொந்த சர்வர் வைக்க இயலாதவரும் முகம் பார்த்து வாழ வேண்டியதில்லை.

நல்ல எஜமானிடம் இருக்கும் அடிமை சுதந்திரமானவன் அல்ல. இந்தப் பதிலில் ரோமானியச் சிந்தனை சரியாகவே இருந்தது. அந்தப் பதிலைத் தன் வீட்டு வாசலோடு நிறுத்திக்கொண்டதுதான் அதன் தவறு. வீட்டு சர்வர் வைப்பவர் அந்த வாசலைத் தாண்டியும் அதே அளவுகோலைக் கொண்டுபோக வேண்டும். தன்மேல் பிறருக்குள்ள கேள்விமுறையற்ற அதிகாரத்தை நீக்கும் உரிமை அவருக்கு உண்டு. பிறர்மேல் தன் கைக்கு வந்துவிட்ட அதே அதிகாரத்துக்குக் கணக்குக் காட்டும் கடமையும் அவருக்கு உண்டு. இரண்டும் சேர்ந்து நிறைவேறும் வீட்டில்தான் அந்த சர்வர் சுதந்திரத்தின் கருவியாகிறது.